நான்கு டிஸ்க்கும் ஒரே தண்ணீரில்: ஒரு கல்யாண ஸ்டுடியோவின் நிகழ்வு ஆய்வு

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. மார்கழி பிறந்த அன்றைக்குப் பிடித்த மழை மறுநாளும் விடவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது. பாபநாசம், மணிமுத்தாறு அணைத் தண்ணீரும் காட்டாற்று வெள்ளமும் சேர்ந்து தாமிரபரணி கரை மீற, திருநெல்வேலியில் ஜங்ஷன், சிந்துபூந்துறை, வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் எல்லாம் மூழ்கின. சிந்துபூந்துறைப் பக்கம் தரைத்தளத்தில் ஒரு கல்யாண ஸ்டுடியோ இருந்தது. அந்த இரவில் அங்கே எந்த டிஸ்க் போனது, எது பிழைத்தது, ஏன் என்று கணக்குப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

நான் பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறவன். என் வாடிக்கையில் பாதிப்பேர் ஸ்டுடியோக்காரர்கள். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மூழ்கிய அந்த நாஸ் பெட்டியை (பல டிஸ்க்கைச் சேர்த்து வைத்து, நெட்வொர்க் வழியாக ஃபைல் சேமிக்கும் பெட்டி) 2021-ல் வாங்கி, செட் பண்ணி, மேசைக்குக் கீழ்த்தட்டில் வைத்துக் கொடுத்ததே நான்தான். வயர் வெளியே தெரியாமல் அழகாக இருக்கிறது என்று அன்றைக்கு எனக்கு ஒரு பெருமை வேறு.

ஒரு கல்யாணம் எத்தனை ஜிபி

டிஸ்க் வாங்க வருகிறவர்கள் எல்லாரும் "எத்தனை டிபி வாங்கலாம்" என்றுதான் கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பது, "கேமராவில் பிட்ரேட் என்ன வைத்திருக்கிறீர்கள்?" ஒரு நொடி வீடியோவுக்கு எத்தனை மெகாபிட் என்பதுதான் பிட்ரேட். கணக்கு ரொம்பச் சுலபம். பிட்ரேட் எத்தனை மெகாபிட்டோ, அதை 0.45-ஆல் பெருக்கினால் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை ஜிபி என்று வந்துவிடும். 100 மெகாபிட்டில் 4கே எடுத்தால் மணிக்கு 45 ஜிபி. 200 என்றால் 90.

அண்ணாச்சியின் ஸ்டுடியோவில் (உரிமையாளரை நான் அப்படித்தான் கூப்பிடுவது) முந்தின நாள் வரவேற்பும் மறுநாள் முகூர்த்தமும் சேர்த்து இரண்டு வீடியோ கேமரா, ஒவ்வொன்றும் ஏழு மணி நேரம் ஓடும். 14 மணி நேரம், 630 ஜிபி. போட்டோ ரா ஃபைல் மூவாயிரம், ஒன்று 30 எம்பி என்றால் 90 ஜிபி. ட்ரோன் கொஞ்சம். ஆக ஒரு கல்யாணம் முக்கால் டிபியைத் தின்றுவிடும். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதத்தில் ஏழெட்டு முகூர்த்தம் பிடித்தால் 5 டிபிக்கு மேல் போய்விடும். எடிட் முடிந்து ஆல்பம் அடித்துக் கொடுக்கத் தை மாதம் ஆகும். இந்த இடைவெளியில்தான் எல்லா ஆபத்தும். கார்டை அழித்தாயிற்று, டெலிவரி இன்னும் ஆகவில்லை. மாப்பிள்ளை வீட்டார் கையிலும் ஒன்றும் கிடையாது.

வெள்ளம் வந்தது சரியாக அந்த இடைவெளியில். ஏழு கல்யாணம் பாக்கி நின்றது.

ஸ்டுடியோவில் அன்றைக்கு இருந்த சரக்கு இவ்வளவு: எடிட் மெஷினில் 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி ஒன்று (சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் வேகமான வகை). கீழ்த்தட்டில் நாஸ், நான்கு 4 டிபி டிஸ்க், ரெய்டு 5. ஸ்டீல் பீரோவின் அடி டிராயரில் போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க் 22. சுவர் அலமாரியில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் எஸ்டி கார்டுகள். பரணில், 2004-லிருந்து எடுத்த மினிடிவி டேப்புகள் (பழைய வீடியோ கேமராவின் சின்ன கேசட்) ஒரு அட்டைப்பெட்டி நிறைய.

அண்ணாச்சி நம்பியது எதை

நாஸை. அந்த நம்பிக்கையை ஊட்டியதும் நான்தான். ரெய்டு என்ற ஏற்பாடு 1988-ல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் எழுதிய ஆய்வுக்கட்டுரையில் பெயர் பெற்றது. விலை குறைந்த டிஸ்க்குகள் பலவற்றைக் கூட்டாக ஓட்டுவது அதன் யோசனை. ரெய்டு 5-ல் ஒவ்வொரு ஃபைலும் துண்டுபட்டு மூன்று டிஸ்க்கில் போகும். அந்த மூன்றையும் வைத்துப் போட்ட ஒரு கணக்குத் துண்டு நான்காவதில் போகும். கணக்குத் துண்டு எந்த டிஸ்க்கில் என்பது மாறிக்கொண்டே இருக்கும். ஏதாவது ஒரு டிஸ்க் செத்தால் மற்ற மூன்றையும் வைத்து அதில் இருந்ததைக் கணக்கிட்டு எடுத்துவிடலாம். நான்கு நான்கு பதினாறில் 12 டிபி கைக்கு வரும். விண்டோஸில் 10.9 என்று காட்டும். டிஸ்க் செய்கிறவர் ஆயிரத்தால் எண்ணுகிறார், விண்டோஸ் 1024-ஆல் எண்ணுகிறது. கடைக்காரர் ஏமாற்றவில்லை என்று அண்ணாச்சிக்குப் புரியவைக்கவே எனக்கு ஒரு டீ ஆனது.

2022-ல் ஒரு டிஸ்க் உண்மையாகவே போனது. புதுசைச் சொருகினோம், ராத்திரி முழுக்க ஓடி மறுநாள் எல்லாம் சரியாகிவிட்டது. அதோடு "நம்ம பெட்டி யானை மாதிரி தம்பி" என்று அண்ணாச்சி ஊரெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். அப்போதே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ரெய்டு காப்பது ஒரு டிஸ்க்கின் சாவிலிருந்துதான். தவறி அழித்த ஃபோல்டரை அது காப்பாற்றாது. நான்கு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் அழித்துக் கொடுக்கும். ஃபைலைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் நான்கையும் சேர்த்துப் பூட்டும். தண்ணீர் வந்தால் நான்கும் சேர்ந்து குளிக்கும்.

தண்ணீர் வடிந்த பிறகு

சுலோச்சன முதலியார் பாலத்தைத் தாண்டி நான் போய்ச் சேர்ந்தபோது ஸ்டுடியோ சுவரில் என் இடுப்பு உயரத்துக்குச் சேற்றுக்கோடு. நாஸைத் தூக்கினால் பின்பக்கத்து ஃபேன் வழியாகக் காப்பி நிறத்தில் தண்ணீர் வடிகிறது. ஒரே ஒரு நல்ல காரியம், தண்ணீர் உள்ளே வரும் முன்பே கரண்ட் போயிருந்தது. எதுவும் ஓடிக்கொண்டிருக்கும்போது நனையவில்லை.

"ஒருக்கா கரண்ட் குடுத்துப் பாத்துருவமா தம்பி? ஒரு நிமிசந்தான்."

"வேண்டாம் அண்ணாச்சி. சுத்துச்சுன்னா அதோட போச்சு."

"வெயில்லயாவது காய வைப்பமா?"

"அதுவும் வேண்டாம்."

காய வைக்காதே என்றதும் அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஆனால் காரணம் உண்டு. சாதாரண ஹார்ட் டிஸ்க்கின் மூடியில் ஊசித்துளை ஒன்று இருக்கும். உள்காற்றும் வெளிக்காற்றும் சமமாவதற்காக வைத்தது. 'மூடாதே' என்று பக்கத்திலேயே எழுதியிருப்பார்கள். நாள்பட நீருக்குள் கிடந்தால் அந்த வழியாக ஆற்று நீர் உள்ளே போகும். தட்டுக்கும் அதைப் படிக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருப்பது சில நானோமீட்டர் இடைவெளிதான். வண்டல் காய்ந்து தட்டில் ஒட்டிவிட்டால் அது உப்புத்தாள் மாதிரி. சுற்றவிட்ட மறு நொடி ஹெட் அதில் உரசித் தட்டையே சுரண்டிவிடும். ஈரமாக இருக்கும்வரை தூசி புகாத சுத்த அறையில் கழுவி எடுக்க வழியுண்டு. அதனால் நான்கு டிஸ்க்கையும் ஈரத்தோடே தனித்தனி ஜிப் கவரில் போட்டு, எது எந்த ஸ்லாட் என்று 1, 2, 3, 4 எழுதி, சென்னையில் உள்ள ஒரு மீட்புக்கூடத்துக்கு அனுப்பினோம். அரிசிக்குள் புதைத்து வைக்கும் வைத்தியத்தை யாரோ ஒருவர் தெருவில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு கும்பிடு.

எஸ்டி கார்டுகள் வேறு சாதி. அதில் சுற்றுவது ஒன்றும் கிடையாது, உள்ளே ஒரு சிப், வெளியே பிளாஸ்டிக், அவ்வளவுதான். கேன் தண்ணீரில் அலசி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, நிழலில் இரண்டு நாள் போட்டோம். ஒன்றைத் தவிர எல்லாம் படித்தன. எடிட் மெஷினிலிருந்து கழற்றிய என்விஎம்இ எஸ்எஸ்டிக்கும் அதே சிகிச்சை. வேறு மெஷினில் மாட்டியதும் எதுவுமே நடக்காத மாதிரி எழுந்து உட்கார்ந்தது. பிராஜெக்ட் ஃபைல் எல்லாம் அதில்தான் இருந்தது.

சென்னையிலிருந்து பதில் வர மூன்று வாரம். நான்கு டிஸ்க்கில் இரண்டு தேறியது. மற்ற இரண்டிலும் தட்டு கெட்டுப்போயிருந்தது. ரெய்டு 5-க்குக் குறைந்தது மூன்று வேண்டும். இரண்டு முழு டிஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு முழு வீடியோகூட எடுக்க முடியவில்லை. பாதிப் பாதித் துண்டுகள்தான். ஒரே ஒரு கிளிப்பாவது தேறுமா என்று அண்ணாச்சி மூன்று முறை போன் பண்ணிக் கேட்டார்.

ஏழு கல்யாணம் என்ன ஆயிற்று

நான்கு கல்யாணம் ஆலங்குளத்தில் இருந்தது. அங்கே வீட்டிலிருந்தே எடிட் பண்ணும் தம்பி ஒருவர் உண்டு. ஃபுட்டேஜை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, பிஸ்கட் டப்பாவுக்குள் துணி சுற்றி வைத்து, தென்காசி பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புவது வழக்கம். வேலைக்காகப் போன டிஸ்க் அது. காப்புப் பிரதி என்று யாரும் அதை நினைத்ததே இல்லை. முப்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு கட்டிலுக்கடியில் கிடந்ததால் பிழைத்தது.

இரண்டு கல்யாணம் கார்டுகளில். கார்த்திகைக் கடைசியில் எடுத்தவை. கேமராமேன் சோம்பேறித்தனத்தில் கார்டை ஃபார்மட் பண்ணாமல் விட்டிருந்தார். அதற்காக அவர் பல தடவை திட்டு வாங்கியவர். இந்தத் தடவை அவருக்கு அல்வா கிடைத்தது.

ஏழாவது, நாஸில் மட்டும். சேரன்மகாதேவிப் பக்கத்துக் கல்யாணம். பெண்ணின் தாய்மாமன் துபாயில் இருப்பதால் முகூர்த்தத்தை யூடியூபில் தனி லிங்க் போட்டு நேரலை விட்டிருந்தார்கள். நேரலை முடிந்ததும் அது அங்கேயே வீடியோவாகத் தங்கிவிடும் என்பது நினைவுக்கு வர எங்களுக்கு ஒரு நாள் ஆனது. சுத்தமான 4கே இல்லை. 1080-தான், நடுவில் நெட் திணறிய இடத்தில் கட்டம் கட்டமாகத் தெரியும். தாலி கட்டுகிற இடம் நல்லபடியாக இருந்தது. எல்இடி ஸ்கிரீனுக்குப் போன கேமராவின் ஒலி, உறவுக்காரர்கள் போனில் எடுத்தது, வாட்ஸ்அப்பில் கிடந்தது எல்லாம் சேர்த்து ஒன்றேகால் மணி நேரப் படம் தேற்றினார் ஆலங்குளத்துத் தம்பி. வரவேற்பு சுத்தமாக இல்லை. அண்ணாச்சி நேரில் போய்ச் சொல்லிவிட்டு, வாங்கிய பணத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

22 போர்ட்டபிளை மீட்க அனுப்பவில்லை. டெலிவரி ஆன பழைய வேலைகள். அந்தக் கூடம் சொன்ன விலைக்கு ஒரு கேமரா பாடி வாங்கலாம்.

மறுபடி கட்டியது

இந்தத் தடவை டிபி கணக்கை ஒதுக்கி வைத்துவிட்டு, வேலை நடக்கிற கட்டங்களை ஒரு தாளில் எழுதினோம்: எடுக்கும்போது, எடிட் ஓடும்போது, கொடுத்த பிறகு. ஒவ்வொரு கட்டத்துக்கும் வேறு டிஸ்க். எந்தக் கட்டத்திலும் ஒரு பிரதியாவது வேறு ஊரில். பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பிய 3-2-1 என்ற கணக்கு இதுதான்: மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியிடத்தில். போட்டோக்காரர் போட்ட கணக்கு என்றதும் அண்ணாச்சிக்கு உடனே பிடித்துவிட்டது.

எடுத்து வந்த அன்றே கார்டிலிருந்து இரண்டு இடத்துக்குக் காப்பி. கட்-பேஸ்ட் கூடாது, காப்பி மட்டும். நடுவில் கரண்ட் போனால் கட்-பேஸ்ட்டில் எது எங்கே நின்றது என்று தேடிச் சாக வேண்டும். செக்சம் பார்த்து, அதாவது மூலமும் பிரதியும் ஒன்றுதானா என்று கணக்கிட்டு ஒப்பிட்டுக் காப்பி செய்யும் மென்பொருளைப் போட்டுக் கொடுத்தேன். இரண்டும் சரி என்று வரும்வரை கார்டைத் தொடக்கூடாது. கேமராமேனின் சோம்பேறித்தனம் இப்போது ஸ்டுடியோவின் சட்டம்.

எடிட்டுக்கு எஸ்எஸ்டி. இங்கேதான் பணம் வீணாகும் இடமும். போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க் நன்றாக இருந்தால் நொடிக்கு 120 எம்பி வரும். சாட்டா என்ற பழைய இணைப்பு வகை எஸ்எஸ்டி 550. என்விஎம்இ மூன்றாம் தலைமுறை 3500, நான்காம் தலைமுறை 7000. பெட்டியில் போட்டிருக்கும் இந்த எண்ணைப் பார்த்து 7000-த்துக்குப் பறக்கிறார்கள். 100 மெகாபிட் வீடியோ ஒன்றை ஓட்ட நொடிக்கு 12.5 எம்பி போதும். மூன்று கேமராவைச் சேர்த்து ஓட்டினாலும் 40-க்குள். அண்ணாச்சியின் வேலைக்கு சாதாரண எஸ்எஸ்டியே மிச்சம். குறைவாகச் சுருக்கும் பத்து பிட் புரோரெஸ் 422 ஹெச்க்யூ வடிவத்தில் 4கே எடுக்கிறவர் என்றால் கதை வேறு. நொடிக்கு 90 எம்பியும் மணிக்கு 330 ஜிபியும் ஆகும்.

எஸ்எஸ்டியில் பார்க்க வேண்டியது உச்ச வேகத்தைவிட நீடிக்கும் வேகத்தை. ஒரே செல்லில் நான்கு பிட்டைத் திணிக்கும், விலை குறைந்த கியூஎல்சி வகையில் முதல் கொஞ்ச ஜிபி பறக்கும். உள்ளே இருக்கும் வேகமான ஒதுக்கிடம் நிரம்பியதும் ஹார்ட் டிஸ்க்கைவிட மெதுவாகப் போவதும் உண்டு. ஆபீஸ் வேலை செய்கிறவருக்கு அது தெரியவே தெரியாது. ஒரே மூச்சில் 600 ஜிபி கொட்டும் கல்யாண ஸ்டுடியோக்காரருக்குத்தான் தெரியும். 2 டிபி, 4 டிபி போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க்குகளிலும் இதே வியாதி. பெரும்பாலும் எஸ்எம்ஆர், அதாவது ஓடு வேய்ந்தது மாதிரி தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதும் வகை. பழைய டிஸ்க்கில் அழித்து அழித்து எழுதினால் வேகம் 20, 30 என்று இறங்கும். நாஸுக்கு அது ஆகவே ஆகாது, தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சிஎம்ஆர் வகை என்று கேட்டு வாங்க வேண்டும்.

அப்புறம் கேபிள். ஆலங்குளத்துத் தம்பிக்கு வெளி எஸ்எஸ்டி ஒன்று வாங்கி அனுப்பினோம். "அண்ணே, பழைய டிஸ்க்கே தேவலை" என்று போன். நேரில் போய்ப் பார்த்தால் போன் சார்ஜருக்கு வந்த டைப்-சி கேபிளில் மாட்டியிருக்கிறார். அதற்குள் ஓடுவது யூஎஸ்பி 2-தான். நொடிக்கு 40 எம்பியைத் தாண்டாது. 630 ஜிபிக்கு நாலரை மணி நேரம். எஸ்எஸ்டி பெட்டியில் வந்த கேபிள் இன்னும் பிளாஸ்டிக் உறையோடு மேசை டிராயருக்குள் இருந்தது. அதை மாட்டியதும் அரை மணிக்குள் முடிந்தது.

நாஸ் இப்போது மாடியில். நான்கு சின்ன டிஸ்க்குக்குப் பதில் இரண்டு 12 டிபி, ரெய்டு 1. இரண்டிலும் ஒரே சரக்கு. ஒன்று மட்டும் தேறினாலும் எல்லாம் தேறும். சென்னைக்காரர் சொன்ன 'நான்கில் இரண்டு' கணக்கு அண்ணாச்சியின் நெஞ்சில் அப்படித் தைத்திருந்தது. ஹீலியம் அடைத்த டிஸ்க்காகப் பார்த்து வாங்கினேன். 2013-லிருந்து வரும் இந்த வகையில் ஊசித்துளை கிடையாது, முழுக்கப் பற்றவைத்தது. மேலே உள்ள போர்டு நனையும், தட்டுக்குத் தண்ணீர் போகாது. இதற்காக இதை ஆற்றங்கரையில் வைக்கலாம் என்று சொல்லவில்லை.

கிளவுடில் எல்லாவற்றையும் ஏற்றிவிடலாமே என்று அண்ணாச்சியின் மகன் கேட்டான். படித்த பிள்ளை, கணக்குப் போட்டே காட்டினேன். 50 மெகாபிட் அப்லோடில் ஒரு கல்யாணத்தின் 700 ஜிபி ஏற 31 மணி நேரம். ஒரே வாரத்தில் மூன்று முகூர்த்தம் வந்தால் நெட் வேறெதற்கும் கிடைக்காது, மாத வாடகையும் ஏறிக்கொண்டே போகும். அதனால் முடிந்த படம், ஆல்பத்துக்குத் தேர்ந்த ஜேபெக், பிராஜெக்ட் ஃபைல் மட்டும் கிளவுடுக்கு. 30 ஜிபிதான், ஒன்றரை மணி நேரத்தில் ஏறிவிடும். மூலம் முழுக்க ஆலங்குளத்துக்கு, பழையபடி பஸ்ஸில். செவ்வாய்க்கிழமை ஒரு டிஸ்க் போகும், போன வாரத்தது வரும். அனுப்புவதற்கு முன் இங்கே ஒரு பிரதி இருக்கிறதா என்று கரும்பலகையில் டிக் அடிக்க வேண்டும்.

சண்டை வந்தது ஒரே ஒரு விஷயத்தில். டெலிவரி ஆகி ஆறு மாதம் கழித்து மூலத்தை அழித்துவிடுவோம் என்று பில்லில் அச்சடிக்கச் சொன்னேன்.

"பிள்ளைக்குக் காதுகுத்துன்னு வந்து, பழைய கல்யாண வீடியோல ஆச்சி முகம் இருக்கான்னு கேப்பாங்க தம்பி. அழிச்சிட்டேன்னு எப்படிச் சொல்ல?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. முடிந்த படத்தையும் எல்லா போட்டோவையும் அழிப்பதில்லை, வீடியோ மூலத்தை மட்டும் ஆறு மாதம் என்று தீர்ந்தது. வைத்திருப்பவை ஹார்ட் டிஸ்க்கில், இரண்டு பிரதி. எஸ்எஸ்டியில் ஏற்றி பீரோவில் பூட்டுவது கூடாது. கரண்ட் இல்லாமல் கிடக்கும் எஸ்எஸ்டியில் உள்ள மின்னூட்டம் மெல்லக் கசியும். ஆயுளை ஓட்டி முடித்த எஸ்எஸ்டி 30 டிகிரியில் ஒரு வருடம் தாங்கினால் போதும் என்பதுதான் சிப் துறையின் தர அமைப்பான ஜெடெக் கேட்பது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் பூட்டிய அறை 30 டிகிரியில் நிற்குமா? ஹார்ட் டிஸ்க்கையும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மாட்டிச் சுற்றவிட்டுப் பார்க்கிறோம்.

பரணில் இருந்த மினிடிவி டேப்புகளை இவ்வளவு நேரம் மறந்தே போனோம். தண்ணீர் அவற்றைத் தொடவே இல்லை. இருபது வருடத்துச் சரக்கு. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம் பல வருடத்தது அதில் இருக்கிறது. போட்டுப் பார்க்கக் கேமரா இல்லை. பழைய கேமராவும் மூழ்கிப் போயிருந்தது. பெரிய நிறுவனங்கள் காப்புப் பிரதிக்குப் பயன்படுத்தும் எல்டிஓ டேப்பை வாங்கலாமா என்று யோசித்தபோது எனக்குக் கண்முன் வந்தது இந்தப் பெட்டிதான். டேப் விலை சல்லிசு, டிரைவ் விலை லட்சத்தில். அந்த டிரைவும் தன் தலைமுறைக்கு ரொம்ப முந்தின டேப்பைப் படிக்காது. எல்டிஓ-9 டிரைவ் எல்டிஓ-8 வரைக்கும்தான் பார்க்கும். அண்ணாச்சி அளவுள்ள ஸ்டுடியோவுக்கு அது வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

போன மாசி மாதம் நாகர்கோவிலில் ஒருவரிடம் ஓடுகிற மினிடிவி கேமரா ஒன்று கிடைத்தது. அந்தக் கேமராவை இணைக்கும் ஃபயர்வயர் அட்டை உள்ள பழைய கம்ப்யூட்டர் ஒன்றை என் கடையிலேயே தேடி எடுத்தேன். ஒரு மணி நேர டேப்பை ஏற்ற ஒரு மணி நேரமேதான் ஆகும், அவசரப்படுத்த முடியாது. ஒரு டேப் 13 ஜிபி. தினமும் ராத்திரி கடையை அடைக்கும் முன் ஒன்று போடுகிறார்கள். 41 ஏறிவிட்டது. 2006 என்று எழுதியிருந்த டேப்பில் தேர் வாகையடி முக்குத் திரும்பும் இடத்தில் மட்டும் படம் கொஞ்சம் உதறுகிறது. ஹெட்டைத் துடைத்துவிட்டு அதை மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும்.